நிசேபோர் நியெப்ஸ்

நிசேபோர் நியெப்ஸ் (இயற்பெயர்: ஜோசப் நியெப்ஸ், மார்ச் 7, 1765 – ஜூலை 5, 1833) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஒரு கண்டுபிடிப்பாளர் ஆவார். கேமராவைக் கொண்டு எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் ஒளிப்படங்களுள் மிகப் பழையது இவர் எடுத்ததே. ஒளிப்படத்தின் தந்தை என்று பலரும் இவரைக் குறிப்பிடுவர். ஆயினும் இவர் தேடியது இன்று நாம் ஒளிப்படம் என்று அழைக்கும் பொருளை அன்று. உலோகத் தகட்டில் செதுக்குபவரின் உளி செய்யும் வேலையை ஒளியைக் கொண்டு செய்விப்பதும், அத்தகட்டை அமிலத்தில் அரித்து, மை தடவி, வேண்டிய அளவு படிகளை அச்சிடுவதுமே இவரது நோக்கமாக இருந்தது. வீட்டிலேயே செய்த பெட்டிகள், பழைய நுண்நோக்கியின் வில்லைகள், நிலக்கீல், லாவண்டர் எண்ணெய், வெள்ளீயத் தகடுகள் ஆகியவையே இவருடைய கருவிகளும் பொருட்களும் ஆகும்.

இளமைக் காலம்

நியெப்ஸ் கிழக்குப் பிரான்சில், சோன் ஆற்றங்கரையில் உள்ள சலோன் நகரில் வசதி படைத்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். அண்ணன் குளோட், இவரது வாழ்வின் நன்மை தீமை இரண்டிலும் பெரும்பங்கு கொண்டவர். குருவாக வேண்டும் என்ற எண்ணத்துடன் ஓரட்டரி சபையாரின் கல்லூரியில் பயின்ற இவர், அக்காலத்தில் நிசேபோர் என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். கிரேக்க மொழியில் இதற்கு வெற்றியைத் தாங்குபவர் என்று பொருள்.

பிரெஞ்சுப் புரட்சி இவரது வாழ்வின் திசையை மாற்றியது. 1792 இல் படையில் சேர்ந்து சார்தீனியா, இத்தாலி ஆகிய இடங்களில் பணியாற்றினார். கடும் நோய்வாய்ப்பட்டதால் படையிலிருந்து விலகி நீஸ் நகரில் தங்கினார். 1794 இல் அக்னெஸ் என்பவரை மணந்தார். மறு ஆண்டு மகன் இசிதோர் பிறந்தான். நீஸ் மாவட்ட நிருவாகத்தில் சிறிது காலம் பணியாற்றியபின், அதையும் விட்டுவிட்டு அண்ணனுடன் சேர்ந்து ஆய்வுகளில் இறங்கினார். 1801 இல் இருவரும் சொந்த ஊர் திரும்பினர். சலோனுக்கு அருகிலுள்ள சென்-லூ-தெ-வரேன் என்ற சிற்றூரில் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த லெ க்ரா பண்ணை வீடே பின்னர் இவரது ஆய்வுக்கூடமாக விளங்கியது.

பிரியோலோபோர் எந்திரம்

உடன்பிறந்தார் இருவரும் முதலில் உருவாக்கியது ஓர் எந்திரம் ஆகும். கலன் ஒன்றினுள் லைக்கோபோடியம் என்னும் தாவரத்தின் நுண்ணிய வித்துத்தூளைக் காற்றுடன் கலந்து தீப்பற்ற வைத்து, அவ்வெடிப்பின் விசையால் படகைச் செலுத்தினர். சோன் ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராக இப்படகு சென்றது. 1807, ஜூலை 20 அன்று நெப்போலியன் பத்து ஆண்டுகளுக்கான காப்புரிமையை வழங்கினார். உலகின் தொடக்ககால உள்ளெரி எந்திரங்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

இதனால் வருவாய் எதுவும் கிட்டவில்லை. காப்புரிமையின் காலம் முடியும் தறுவாயில், 1816 இல் குளோட் பாரிஸ் நகருக்கும், மறு ஆண்டு இங்கிலாந்துக்கும் சென்றார். எந்திரத்தை அங்கு விற்றுவிடலாம் என்று நம்பிய அவருக்கு ஊரிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. தம்பியின் ஆய்வுகளுக்கும் அதே குடும்பச் சொத்துதான் ஆதாரம். பின்வரும் நிகழ்வுகள் அனைத்தையும் இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். ஒரு வகையில் வரலாற்றாளர்கள் இப்பிரிவுக்குக் கடமைப்பட்டுள்ளனர். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்திருந்தால் கடிதங்கள் எழுதப்பட்டிரா. நியெப்ஸின் சோதனைகளைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி அக்கடிதங்களிலிருந்தே கிடைக்கிறது.

கல்லிலிருந்து உலோகத்துக்கு

1796 இல் செனெஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு முறை 1810களில் பிரான்சில் பரவலாயிற்று. நியெப்சும் இதில் ஆர்வம் கொண்டார். கல்லச்சுக்கு உகந்த நேர்த்தியான சுண்ணக்கல் பவேரியாவில் கிடைப்பது. அருகில் கிடைத்த கற்களைக் கொண்டு அவர் முயன்றபோது அவை சொரசொரப்பாக இருந்தன. எனவே கல்லை விடுத்து வெள்ளீயத் தகடுகளுக்கு மாறினார்.

நியெப்சுக்குப் படம் வரையும் திறன் இல்லை. மகன் வரைந்து கொடுத்து வந்ததாகவும், அவர் படையில் சேர்ந்தபின் வரைய ஆளின்றி ஒளியை நாடியதாகவும் ஒரு கதை கூறப்படுவதுண்டு. கதை எவ்வாறாயினும், செதுக்கு ஓவியங்களுக்குப் பூச்சுப் பூசி அவற்றின் தாளை ஒளி ஊடுருவுமாறு செய்து, ஒளியுணர் பொருள் தடவிய தகட்டின் மேல் வைத்து வெயிலில் காட்டும் சோதனைகள் இக்காலத்தில் வேர்விட்டன. கையால் வரையாமல் படியெடுப்பது முதல் இலக்கு. இயற்கைக் காட்சியையே தகட்டில் இறக்குவது அடுத்த இலக்கு.

1816: மோதிரப் பெட்டியில் ஒரு கேமரா

இருட்டறைப் பெட்டி எனப்படும் கேமரா அன்று புதிய பொருள் அன்று. ஓவியர்கள் காட்சியின் கோடுகளைப் படியெடுக்க அதைப் பயன்படுத்தி வந்தனர். பெட்டியின் ஒரு முகத்தில் வில்லை, எதிர் முகத்தில் தலைகீழான உருவம், அவ்வளவே. 1816 இல் நியெப்ஸ் சுமார் ஆறு அங்குலச் சதுரப் பெட்டி ஒன்றைச் செய்து, நீட்டிக் குறுக்கக்கூடிய குழாயில் வில்லையைப் பொருத்தினார். பின்புறத்தில் வெள்ளிக் குளோரைடு தடவிய தாளை வைத்தார்.

அவ்வாண்டு மே மாதத்தில் அந்த வில்லை உடைந்துவிட்டது. கையிருப்பில் இருந்த மற்றொரு வில்லையின் குவியத்தூரம் பெட்டியின் அளவுக்குப் போதவில்லை. சலோன் நகரில் தேடிக் கண்டெடுத்த வில்லைக்கோ குவியத்தூரம் கூடுதலாக இருந்தது. குழாயை நீட்டிக் கட்டவேண்டியதாயிற்று. அப்போதுதான் தாய்வழிப் பாட்டனாரின் பழைய சூரிய நுண்நோக்கி வீட்டில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அதன் சிறு வில்லைகளுள் ஒன்று, மகனின் மோதிரப் பெட்டிக்குச் சரியாகப் பொருந்தியது. ஒரு பக்கம் ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே கொண்ட அப்பெட்டி இவ்வாறு ஒரு கேமரா ஆயிற்று. சிறிய வில்லை தெளிவான உருவத்தைத் தந்தது. உருவத்தின் விட்டம் ஏறத்தாழ 3 செ.மீ.

சன்னலுக்கு வெளியே தெரிந்த பறவைக்கூண்டும் சன்னல் சட்டங்களும் தாளில் பதிந்தன. ஆனால் ஒளி பட்ட இடம் கறுத்தும் நிழல் வெளுத்தும் இருந்தன. இன்று இதனை நெகட்டிவ் என்போம். இந்தத் தாளை மற்றொரு தாளின் மேல் வைத்து மீண்டும் படியெடுத்தால் நேர்ப்படம் கிடைக்கும் என்ற வழியை நியெப்ஸ் நடைமுறைப்படுத்தவில்லை. பின்னர் இங்கிலாந்தில் டால்பட் அதனைச் செய்து காட்டினார். அதைவிடப் பெரிய இடர், எஞ்சிய வெள்ளிக் குளோரைடும் ஒளி பட்டுக் கறுத்து, படம் முழுவதும் அழிந்துபோவதாகும். உருவத்தை நிலைநிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை. மேலும், தாளில் விழும் ஒற்றைப் படம் அவருடைய நோக்கத்துக்கு உதவாது. அவருக்கு வேண்டியது அச்சிடத்தக்க தகடு. குவாயக்கம் என்னும் மரப்பிசின், பாஸ்பரஸ் எனப் பல பொருட்களைச் சோதித்துக் கைவிட்டார்.

நிலக்கீல் முறை

நியெப்ஸ் இறுதியில் கண்டடைந்த பொருள் செதுக்குக் கலைஞர்களின் பட்டறையில் முன்பே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அமிலம் தின்னக்கூடாத இடங்களைக் காக்க, அவர்கள் தகட்டின் மேல் பூசும் மெழுகுக் கலவையில் யூதேயா நிலக்கீல் சேர்க்கப்படுவது வழக்கம். சாக்கடலை ஒட்டிய பகுதிகளில் கிடைக்கும் இந்நிலக்கீல் எண்ணெயில் எளிதில் கரையும். ஒளி பட்டால் இறுகிக் கரையாத்தன்மை அடையும். அமிலத்தையும் தாங்கும். ஒரே பொருளில் இவ்விரு பண்புகளும் சேர்ந்திருந்ததுதான் நியெப்சுக்குக் கைகொடுத்தது.

செய்முறையை அவரே பின்னர் எழுதி வைத்துள்ளார். நிலக்கீலைத் தூளாக்கி ஒரு மதுக்கிண்ணத்தில் பாதியளவு நிரப்ப வேண்டும். தூள் இனி உறிஞ்சாது என்னும்வரை லாவண்டர் எண்ணெயைத் துளித்துளியாக விடவேண்டும். மெல்லச் சூடாக்கிக் கரைத்தபின், மென்தோல் சுற்றிய பஞ்சுத் திண்டால் தொட்டு, மெருகேற்றிய தகட்டின் மேல் மிக மெல்லிய படலமாகப் பூசி உலர்த்த வேண்டும். இதன்மேல் செதுக்கு ஓவியத் தாளை வைத்து வெயிலில் காட்டினால், வெள்ளைப் பகுதிகளின் வழியே ஒளி புகுந்து அடியிலுள்ள நிலக்கீலை இறுகச் செய்கிறது. கறுப்புக் கோடுகளின் கீழே நிலக்கீல் இறுகாமல் நிற்கிறது. பின்னர், ஒரு பங்கு லாவண்டர் எண்ணெயும் பத்துப் பங்கு வெள்ளைப் பெட்ரோலிய எண்ணெயும் கலந்த கரைப்பானில் கழுவினால் கோடுகள் இருந்த இடத்தில் மட்டும் உலோகம் வெளிப்படும். நீர்த்த அமிலத்தில் இடும்போது அமிலம் அக்கோடுகளை மட்டும் குழிக்கும். எஞ்சிய நிலக்கீலை நீக்கிவிட்டால், மை தடவி அச்சிடத்தக்க தகடு ஆயத்தம்.

இம்முறைக்கு நியெப்ஸ் எலியோகிராபி என்று பெயரிட்டார். சூரிய எழுத்து என்று இதனைத் தமிழில் கூறலாம். 1822 இல் போப் ஏழாம் பயஸின் உருவப்படம் ஒன்றைக் கண்ணாடியில் படியெடுத்ததே இம்முறையின் முதல் வெற்றி. அக்கண்ணாடி பின்னர் உடைந்துபோயிற்று. 1825 இல், குதிரையை நடத்திச் செல்லும் ஒருவனைக் காட்டும் 17 ஆம் நூற்றாண்டுச் செதுக்கு ஓவியத்தைப் படியெடுத்து அச்சிட்டார். இத்தாள் 2002 இல் பாரிசில் ஏலம் விடப்பட்டு, பிரான்ஸ் தேசிய நூலகத்துக்காக ஏறத்தாழ 4,50,000 யூரோவுக்கு வாங்கப்பட்டது. 1826 இல் கர்தினால் தம்புவாஸின் உருவப்படத்தைத் தகட்டில் இறக்கினார். பாரிஸ் நகரின் செதுக்குக் கலைஞர் லெமேத்ர் அதிலிருந்து அச்சுப்படிகள் எடுத்துக் கொடுத்தார். வெள்ளீயம் அச்சுக்கு மிக மென்மையானது, செப்புத் தகடே ஏற்றது என்று அவர் அறிவுரை வழங்கியதும் உண்டு.

இவை மூன்றும் கேமராவால் எடுக்கப்பட்டவை அல்ல. மூலப்படத்தைத் தகட்டோடு ஒட்ட வைத்து எடுத்த படிகள். உலகின் முதல் ஒளிப்படம் எது என்ற கேள்விக்கு வெவ்வேறு நூல்கள் வெவ்வேறு ஆண்டைக் கூறுவதற்கு இக்குழப்பமே காரணம்.

லெ க்ரா சன்னல் காட்சி

அதே நிலக்கீல் தகட்டைக் கேமராவினுள் வைப்பது அடுத்த படி. இதற்குள் பாரிசில் கண்ணாடிக் கருவிகள் செய்து விற்ற செவாலியே நிறுவனத்தாரிடமிருந்து நல்ல வில்லைகளை அவர் பெற்றிருந்தார். 1826 அல்லது 1827 இல், லெ க்ரா வீட்டின் மேல்மாடிச் சன்னலில் கேமராவை வைத்து, வெள்ளீயத்தை மிகுதியாகக் கொண்ட பியூட்டர் உலோகக் கலவைத் தகடு ஒன்றில் முற்றத்துக் காட்சியைப் பதித்தார். தகட்டின் அளவு ஏறத்தாழ 16 செ.மீ. × 20 செ.மீ. இடப்புறம் புறாக்கூண்டு, நடுவில் களஞ்சியத்தின் சரிந்த கூரை, வலப்புறம் வீட்டின் மற்றொரு பகுதி ஆகியவை அதில் தெரிகின்றன.

முற்றத்தின் இருபுறச் சுவர்களிலும் வெயில் விழுந்திருப்பதை உற்று நோக்கினால் காணலாம். காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே படத்தில் பதிந்துள்ளன. எனவே எட்டு மணி நேரம் ஒளி காட்டப்பட்டதாக நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அதே பொருட்களைக் கொண்டு பின்னாளில் செய்து பார்த்தவர்கள் பல நாட்கள் தேவைப்பட்டிருக்கும் என்று கருதுகின்றனர்.

ஒளி பட்டு இறுகிய நிலக்கீல் வெளிர் நிறமானது. அடியிலுள்ள உலோகம் தகுந்த கோணத்தில் கருமையாகத் தோன்றும். ஆகவே 1816 இன் தாள்களைப் போலன்றி, இது நேரடியாகவே நேர்ப்படமாக அமைந்தது. உலோகம் வெளிப்பட்டுள்ள நிழல் பகுதிகளை அமிலம் அரித்திருந்தால் அவை மையைப் பிடித்து அச்சிலும் கறுப்பாகவே விழுந்திருக்கும். கோட்பாட்டளவில் எல்லாம் சரி. ஆனால் செதுக்கு ஓவியத்தில் இருப்பவை கோடும் வெற்றிடமும் மட்டுமே. இயற்கைக் காட்சியிலோ வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே எண்ணற்ற படிநிலைகள் உள்ளன. கேமராவின் மங்கிய ஒளியில் அரைகுறையாக இறுகிய படலம் அமிலத்தைத் தாங்காது. சன்னல் காட்சித் தகடு அரிக்கப்படவே இல்லை. உலகின் மிகப் பழைய ஒளிப்படம் என்று போற்றப்படுவது, அதை எடுத்தவரின் பார்வையில் பாதியில் நின்ற ஓர் அச்சுத் தகடு ஆகும்.

இங்கிலாந்துப் பயணம்

1827 இல் குளோட் நோயுற்றிருக்கும் செய்தி அறிந்து நியெப்ஸ் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இலண்டனை அடுத்த கியூ என்ற இடத்தில் கண்டது அவருக்குப் பேரதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அண்ணன் மனநிலை பிறழ்ந்து, நிரந்தர இயக்க எந்திரம் ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தார். குடும்பச் செல்வத்தின் பெரும்பகுதி அங்கு கரைந்துவிட்டிருந்தது. குளோட் 1828 பெப்ரவரியில் இறந்தார்.

கியூவில் தங்கியிருந்தபோது தாவர ஓவியர் பிரான்சிஸ் பாவர் நியெப்சின் தகடுகளைக் கண்டு வியந்து, அரச கழகத்துக்கு எழுதுமாறு ஊக்கினார். 1827 டிசம்பரில் நியெப்ஸ் தம் கண்டுபிடிப்பைப் பற்றிய குறிப்பு ஒன்றை எழுதினார். ஆனால் செய்முறையின் மறைபொருளை வெளியிட அவர் உடன்படவில்லை. இரகசியம் காக்கப்படும் கண்டுபிடிப்பைக் கழகம் ஏற்பதில்லை என்பதால் அக்குறிப்பு ஆய்வுக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. சொத்து கரைந்த நிலையில், இரகசியம் ஒன்றே அவர் கையில் எஞ்சியிருந்த முதல் என்பதை மறந்துவிட முடியாது. ஊர் திரும்பும்போது குறிப்பையும் சில தகடுகளையும் பாவரிடம் விட்டுச் சென்றார். சன்னல் காட்சியும் அவற்றுள் ஒன்று.

டாகேருடன் கூட்டு

பாரிசில் டயோரமா என்னும் காட்சி அரங்கை நடத்திய ஓவியர் லூயி டாகேரும் கேமராவின் உருவத்தை நிலைநிறுத்த முயன்று வந்தார். இருவருக்கும் வில்லை விற்ற செவாலியே கடையினர் வாயிலாக நியெப்சைப் பற்றி அறிந்து 1826 இல் கடிதம் எழுதினார். நியெப்ஸ் எளிதில் பிடிகொடுக்கவில்லை. மறு ஆண்டு, இங்கிலாந்து செல்லும் வழியில் இருவரும் சந்தித்தனர். 1829, டிசம்பர் 14 அன்று பத்து ஆண்டுகளுக்கான கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இக்காலத்தில் நியெப்ஸ் வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகடுகளைப் பயன்படுத்தினார். கழுவியபின் வெளிப்படும் வெள்ளியைக் கருமையாக்க அயோடின் ஆவியைக் காட்டினார். அவருக்கு அயோடின் வெறும் கறுப்பூட்டும் பொருள் மட்டுமே. அயோடின் பட்ட வெள்ளியே ஒளியுணர்வு உடையது என்பதை டாகேர் பின்னர் கண்டுகொண்டார். லாவண்டர் எண்ணெயைக் காய்ச்சி எஞ்சும் பிசினைக் கொண்டு 1832 இல் இருவரும் சேர்ந்து வேறொரு முறையையும் உருவாக்கினர். அதற்கும் ஒரு படத்துக்குச் சுமார் எட்டு மணி நேர வெயில் தேவைப்பட்டது.

1833, ஜூலை 5 அன்று நியெப்ஸ் தம் ஊரில் திடீரெனக் காலமானார். அப்போது குடும்பம் பெரும் கடனில் இருந்தது. கூட்டில் அவரது இடத்துக்கு வந்த இசிதோர், பொருள் நெருக்கடியில் டாகேருக்குச் சாதகமான திருத்தங்களுக்கு இணங்கினார். வெள்ளி அயோடைடு, பாதரச ஆவி ஆகியவற்றின் துணையுடன் படமெடுக்கும் நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்த புதிய முறை டாகேரோடைப் என்று டாகேரின் பெயரை மட்டுமே தாங்கியது. 1839 ஜனவரியில் அறிவியலாளர் அராகோ இதனை அறிவித்தார். பிரெஞ்சு அரசு முறையை விலைக்கு வாங்கி, டாகேருக்கு ஆண்டுக்கு 6000 பிராங்கும் இசிதோருக்கு 4000 பிராங்கும் ஓய்வூதியமாக அளித்தது. தந்தையின் பெயர் மறைக்கப்பட்டதாக மனம் வெதும்பிய இசிதோர் 1841 இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

டாகேர் வெறுமனே அபகரித்தார் என்று எழுதுவது முறையன்று. அவரது முறையின் வேதியியல் வேறு, வேகமும் வேறு. எனினும் நியெப்ஸ் தொடங்கி வைத்த வெள்ளித் தகடும் அயோடினும் இன்றி டாகேர் அவ்விடத்தை அடைந்திருப்பாரா என்பது ஐயமே.

செதுக்கு முறையின் தொடர்ச்சி

டாகேரோடைப் படத்திலிருந்து நேரடியாகப் படிகளை அச்சிட இயலாது. ஒவ்வொன்றும் ஒற்றைப் படம். நியெப்ஸ் தேடிய அச்சுத் தகடு வேறு வழியில் வளர்ந்தது. உறவினர் அபெல் நியெப்ஸ் தெ சென்-விக்டர் (1805–1870) 1850களில், அன்று வயது முதிர்ந்திருந்த லெமேத்ருடன் இணைந்து, நிலக்கீல் முறையை எஃகுத் தகடுகளுக்குப் பயன்படுத்தினார். நூல்களிலும் இதழ்களிலும் படங்களை அச்சிடுவதற்கான உலோக அச்சுக்கட்டைகள் செய்வதில் நிலக்கீல் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பயன்பட்டது.

மின்னணுவியல் பயிலும் மாணவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. செப்புப் பூசிய பலகையில் ஒளியில் இறுகும் படலத்தை ஒட்டி, சுற்றுப்படத்தை மேலே வைத்துப் புறஊதா விளக்கில் காட்டி, இறுகாத பகுதியைக் கழுவி, பெரிக் குளோரைடில் அரித்து மின்சுற்றுப் பலகை செய்வோர் பலர். பொருட்கள் மாறியுள்ளன, வரிசை அதேதான். இங்கு மட்டும் கோடுகளை எஞ்சவிட்டு மற்றவற்றை அரிக்கிறோம். சிலிக்கான் சில்லுகளைச் செய்யும் ஒளிச்செதுக்கு முறையும் இவ்வழியில் வந்ததே.

தகட்டின் பிற்கால வரலாறு

சலோன் நகரில் நியெப்சுக்கு 1885 இல் சிலை எழுப்பப்பட்டது. அங்குள்ள நியெப்ஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய கேமராக்கள் காட்சிக்கு உள்ளன.

பாவரிடம் விடப்பட்ட சன்னல் காட்சித் தகடு பலரது கைகளுக்கு மாறி, 1898 இல் இலண்டன் கண்காட்சி ஒன்றில் வைக்கப்பட்டபின் மறக்கப்பட்டது. ஒளிப்பட வரலாற்றாளர் ஹெல்முட் கெர்ன்ஷைம் பல ஆண்டுகள் தேடி, 1952 இல் இலண்டனில் ஒரு பெட்டியினுள் அதனைக் கண்டெடுத்தார். அதை ஒளிப்படம் எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. கோடாக் நிறுவன ஆய்வகம் எடுத்துக் கொடுத்த படியின் மேல் கெர்ன்ஷைம் நீர்வண்ணத்தால் தொட்டுத் திருத்தினார். பாடநூல்களில் புள்ளி புள்ளியாகக் காணப்படும் படம் அந்தத் திருத்திய படியே. மூலத் தகடு 1963 முதல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் உள்ளது. முதற்பார்வையில் அது வெறும் உலோகத் தகடாகவே தோன்றும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, விளக்கொளி தகுந்த கோணத்தில் விழும்படி நின்றால், களஞ்சியத்தின் கூரை மெல்லத் தெரியத் தொடங்கும்.